கழித்தல் குறி

விற்பனைக்கு அல்ல என்று
ஸ்டிக்கரில் எழுதி ஒட்டியது நான்தான்.
விளையாட்டு என்றும் சொல்ல முடியாது அதை.
ஜெயிக்கவும் வழியில்லை, தோற்கவும் வழியில்லை.
உள்ளங்கை அகலக் கருவி ஒன்று
இவ்வளவும் தாங்கும் என்று காட்டுவதற்கு
ஒரு கடல், ஒரு பாலம், ஓர் ஆள்.
டெமோ. அவ்வளவுதான்.

நெல்லித்தோப்பில் டயர் கடைக்கு மேலே
நாலு பேர், மூன்று நாற்காலி.
மத்தியானமானால் ரப்பர் வெந்த வாடை
படியேறி வந்து
நாலாவது ஆளின் தலையில் உட்காரும்.
இன்னாசிமுத்து நிரல் எழுதினான், நான் வண்ணம் போட்டேன்.
மொத்தம் முப்பத்திரண்டு நிறம்தான் என்றான்.
கடலுக்கு மட்டும் பதினொன்று கேட்டேன்.
ஐந்து என்றான்.
வஞ்சிரத்துக்குக்கூட நான் அப்படிப் பேரம் பேசியதில்லை.
ஏழில் முடிந்தது.

பாலத்துக்கு அளவு வேண்டுமே.
டேப்பை எடுத்துக்கொண்டு
வம்பாகீரப்பாளையத்துத் துறைமுகப் பாலத்துக்குப் போனேன்.
"சர்வேயாம்மா?" என்றார் காவலாளி.
ஆமாம் என்றேன்.
தூணுக்குத் தூண் எத்தனை அடி,
எந்தத் தூணில் எவ்வளவு உயரம் சிப்பி ஏறியிருக்கிறது,
எல்லாம் நோட்டில்.
சாயங்காலம் இன்னாசி சொன்னான்,
எட்டு ஜோடிக்கு மேல் நினைவகம் தாங்காது.
மிச்சத்தைக் கடலிலேயே விட்டுவிட்டோம்.

அந்தத் திரைக்கு உள்வெளிச்சம் கிடையாது.
சன்னலோரம் சாய்த்துப் பிடித்தால்தான்
அலை தெரியும்.
மேகம் வந்தால் எங்கள் கடல் அணைந்துவிடும்.

ஒரு குறையும் இருந்தது.
பாலத்தின் நடுவில், ஐந்தாவது தூணருகே
கால் வைத்தால்
ஆள் தளத்துக்குள் இறங்கிவிடுவான்.
தண்ணீரும் அவனைப் பிடிக்காது.
கடலுக்கும் கீழே
நான் வண்ணமே போடாத இடத்தில்
விழுந்துகொண்டே இருப்பான்,
கை வீசி நடக்கிற அதே நடையோடு.
மூன்று ராத்திரி தேடினான் இன்னாசி.
எங்கேயோ ஒரு கழித்தல் குறி, என்றான்,
சொந்தக்காரர் சாவைச் சொல்வதுபோல.
"அங்க மட்டும் ஓரமா நடக்கச் சொல்லிடுவோம்"
என்றார் முதலாளி துரைக்கண்ணு.

வந்தவர் ஓட்டல் பால்கனியில் நின்று
நாற்பது விநாடி பார்த்தார்.
பாலத்தில் ஏறவே இல்லை.
ஆளைக் கரையில் நிறுத்திவிட்டு
அலையையே பார்த்தார்.
நைஸ், என்றார்.
கார்ட்ரிட்ஜை ஓர் உறையில் போட்டுக்கொண்டார்.
உறையில் ஓட்டல் பெயர் இருந்தது,
அவர் பெயர் இல்லை.

அதற்கப்புறம் என்ன.
வாடகை பாக்கிக்குக் கம்ப்யூட்டர்கள் டயர் கடைக்கு இறங்கின.
ஒரு ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கேட்டு வாங்கினேன்.
வருஷங்கள் கழித்து அதைத் திறந்த பையன்
"உப்புக்காத்து தின்னுடுச்சுக்கா" என்றான்.
உள்ளிருந்த காந்தத்தைக் கழற்றித் தந்தான்.
நல்ல காந்தம்.
ஃப்ரிட்ஜ் கதவில் கேஸ் ரசீதைப் பிடித்திருக்கிறது,
விரலைக் கிள்ளும்.

பிறகொரு மார்ச்சில்
அசல் பாலம் உடைந்து கடலில் இறங்கியது.
ஊரே போனைத் தூக்கிப் பிடித்து நின்றது.
நானும் ஒரு படம் எடுத்து இன்னாசிக்கு அனுப்பினேன்.
ஓசூரில் லிஃப்ட் கம்பெனியில் இருக்கிறான்,
லிஃப்ட் எந்த மாடியில் நிற்கிறது என்று
லிஃப்டுக்கே சொல்லித்தருகிற வேலை.
"அஞ்சாவதா?" என்று மட்டும் பதில் வந்தது.

எண்ணினேன்.
இல்லை. பக்கத்தில்கூட இல்லை.
அது தீர்க்கதரிசனம் ஒன்றும் இல்லை,
கழித்தல் குறிதான்.
இருந்தும் எண்ணி முடித்த பிறகு
வெயில் ஏறும்வரை அங்கேயே நின்றேன்.

எந்த ஊர் மேசை இழுப்பறையிலோ
அந்த உறை கிடக்கலாம்.
எப்போது செருகினாலும்
அவன் கரையிலிருந்துதான் தொடங்குவான்.
யார் கையிலாவது அகப்பட்டால்
சன்னலோரம் வைத்துப் பிடிக்கச் சொல்லுங்கள்.
நடுவில் கொஞ்சம் ஓரமாக.