ஐந்து மதிப்பெண் வினா

பதினேழு வருடம் முடித்து வந்தவனுக்கு
காரைக்குடிக் கல்லூரியில்
முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டில் ஓர் இடம்,
பாதிக் கட்டணம்.
பக்கத்து பெஞ்சுப் பையன்
‘அங்கிள், ஸ்கேல் இருக்கா?’ என்கிறான்.

லடாக்கின் குளிர்காலத்தை விவரி.

எங்கே தொடங்க?
பூட்ஸைக் கழற்றியபோது
காலுறையோடு வந்துவிட்ட இரண்டு விரல்களிலா,
பனியை உருக்கிப் போட்ட
மண்ணெண்ணெய் வாசத் தேநீரிலா?
குர்ஜந்தைப் பற்றி ஒரு வரி எழுதினேன்.
அடித்தேன்.
பாடநூலில் அவன் இல்லை.

ஜன்னலுக்கு வெளியே செம்மண் வெயில்.
எட்டு மணிக்குக் கானாடுகாத்தானில் இருக்க வேண்டும்,
ஹோட்டலாகிவிட்ட அரண்மனை வீட்டின் வாசலில்,
விசிலோடு.

மூன்று போட்டிருந்தார்கள்.
விடைத்தாளைப் புரட்டிய மனைவி கேட்டாள்:
‘மைனஸ் எத்தனை டிகிரின்னு
எழுதவே இல்லையே நீங்க?’