இடப்பக்கம் என்று சொன்னேன்

கானாடுகாத்தானில் எனக்கு அது மூன்றாவது நாள்.
கூட்டுறவு வங்கியில் கணக்குத் தணிக்கை.
தெரிந்த இடங்கள்:
வங்கி, விடுதி,
இரண்டுக்கும் நடுவே ஒரு வடைக்கடை.

சாப்பாட்டு நேரத்தில்
அவர்கள் இருவரும் என்னை நிறுத்தினார்கள்.
முதுகை மறைக்கும் பை,
நெற்றியில் ஒட்டிய செம்பட்டை முடி.
சொந்த ஊர் லிஸ்பனாம்.
அங்கே எங்கே போனாலும் நடைதான், எல்லாம் மேடு,
இங்கே தரை தட்டையாய்க் கிடப்பதே
பெரிய உபகாரம் என்றார் அவர்.
அந்த அம்மாள் மட்டும் நேரே விஷயத்துக்கு வந்தாள்:
ஸ்டேஷன் எந்தப் பக்கம்?

புடவை கட்டியிருந்தேன். கையில் டிபன் பை.
பார்த்தால் ஊர்க்காரி மாதிரித்தான் இருந்திருப்பேன்.
தெரியாது என்று சொல்லியிருக்கலாம்.
இடப்பக்கம் கையை நீட்டினேன்,
வளையல் குலுங்க,
அவ்வளவு உறுதியாக.

"ஸ்டேசனா?" என்றார் வடைக்கடை அடைக்கலம்,
கரண்டியிலிருந்து எண்ணெய் வடிய.
"அது எதிர்ப்பக்கமுல்ல இருக்கு.
நீங்க காட்டுன தெரு ஊரணிக்குப் போகும்.
மூணேகால் வண்டிய விட்டா
அப்புறம் ராத்திரிதான்."

வடையை இலையோடு வைத்துவிட்டு நடந்தேன்.

ஸ்கேல் வைத்துக் கிழித்த தெருக்கள்.
ஆனால் ஒரு வீடு தொடங்கினால் முடிவதில்லை.
நூற்றுப் பத்து எட்டு வைத்து எண்ணினேன்,
அதே சுவர்,
அதே முட்டைப் பூச்சின் வழவழப்பு.
வழி கேட்டால் எழுத்துகளில் பதில் வந்தது:
மெ.சா. வீட்டைத் தாண்டி,
கரு.வெ. வீட்டுக்கு முந்தின சந்து.
எதன்மேலும் பெயர் எழுதியிருக்கவில்லை.
கைபேசியோ,
நான் யார் வீட்டுக் கூரைமேலோ நிற்பதாக
நீலப் புள்ளி வைத்துச் சாதித்தது.

ஒரே ஒரு கதவு திறந்திருந்தது.
வாளியும் விளக்குமாறுமாக ஒருத்தி.
"வெள்ளைக்காரவுகளா? மாடியிலேருந்து பாத்தேன்,
இப்பத்தான் பின்தெருவுல போறாக.
சுத்திப் போனா நீங்க பிடிக்க முடியாது.
செருப்பக் கையில எடுத்துக்கிட்டு உள்ள வாங்க."

பெயர் பஞ்சவர்ணம்.
இதுதான் கரு.வெ. வீடு என்றாள்.
பதினோரு பங்காளிகள், பதினோரு பூட்டு,
கூட்டிப் பெருக்குவதற்கு மட்டும் அவள் ஒருத்தி.
செவ்வாய்க்கு செவ்வாய்.

முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு.
ஆத்தங்குடிக் கல் வெறுங்காலில் சில்லிட்டது.
முற்றத்தில் விழுந்த வெயிலைச் சுற்றிக்கொண்டு போனோம்,
அங்கே அவள் மிளகாய் காயவைத்திருந்தாள்.
வௌவால் வாடை.
எங்கோ ஒரு குழாய் சொட்டியது,
"அது நாலாம் பங்கு, யாரும் சரிபண்ண மாட்டாக" என்றாள்.
ஒரு தெருவிலிருந்து மறு தெருவுக்கு
ஒரு வீட்டின் வயிற்றுக்குள் நடந்துகொண்டிருந்தேன்,
டிபன் பையும் செருப்புமாக,
தணிக்கைக்கு வந்தவள்.

பின்கதவின் தாழ்ப்பாள் என் முழங்கை நீளம்.
இருவருமாக இழுத்தோம்.
வெளிச்சம் முகத்தில் அறைந்தது.
தெருவில் ஓர் ஆடு மட்டும் நின்றது.

ஊரணிவரை ஓடினேன், ஓட்டம் என்று சொல்ல முடியாது.
படிக்கட்டில் நான்கு ஈரக் கால்தடங்கள்,
பெரியவை,
ஓரங்களிலிருந்து காய ஆரம்பித்திருந்தன.
தூண்டில் போட்டிருந்த பையன் திரும்பாமலே சொன்னான்:
"கால நனைச்சுட்டு ஸ்டேசனுக்கு வழி கேட்டாக.
நாந்தான் திருப்பி விட்டேன்.
யாரோ ஒரு அக்கா தப்பாச் சொல்லிருச்சாம்."
"எந்த அக்காவோ" என்றேன்.

மூன்றேகாலுக்கு
தொலைவில் ரயில் ஒருமுறை கூவியது.
ஏறினார்களா, தெரியாது.

வங்கிக்குத் திரும்பும் வழியில்
பார்சல் கொண்டுவந்தவன் பைக்கை ஓரங்கட்டினான்.
"அக்கா, கரு.வெ. வீடு எது?"

கை தானாக எழுந்தது.
பிடித்து இறக்கினேன்.
பிறகு கேட்டேன்:
"முன்வாசலா, பின்வாசலா?"