எழுவாய் இல்லாத வசனம்

அம்பகாமத்தில் ஆறரைக்கே வெயில்.
முழங்காலில் நிற்கிறேன்.
ஒரு நாளுக்கு இவ்வளவு என்று கணக்கு உண்டு:
மண்ணில் நாலு சதுர மீற்றர்,
பிரெஞ்சில் ஆறு வினைச்சொல்.

மார்கழியில் செனகலுக்கு அனுப்புகிறார்களாம்.
தெற்கே, கசமான்ஸ் பக்கம்,
அங்கேயும் புதைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.
அங்கத்தைய பெண்களுக்கு நான் பழக்க வேண்டும்.
"கட்டளை மட்டும் வந்தால் காணும்" என்றார் மேற்பார்வையாளர்,
"உம்மட வாழ்க்கைக் கதையை ஒருத்தரும் கேக்கமாட்டினம்."

தினுசன் குரல்பதிவு அனுப்புவான்,
லா கூர்னெவில் இரவு ஒரு மணிக்கு,
பின்னால் தட்டுகள் மோதும்.
சித்தியின் கடைசி. என்னைவிடப் பதினொரு வயது குறைவு.
ஒன்பது வருசமாய் ஒரு சமையலறையின்
பின்கதவால் போய் வருகிறவன்.
"எனக்குத் தெரிஞ்ச பிரெஞ்சு முழுக்க ஏவல்தான் அக்கா.
லாவ், கழுவு. போர்த், தூக்கு.
'நான்' எண்டு தொடங்குற வசனம்
எனக்கே ஒழுங்கா வராது."

கொப்பியில் எழுதினேன்:
வூ றெக்யுலே, நீங்கள் பின்வாங்குகிறீர்கள்.
'வூ'வைத் தட்டிவிட்டால் றெக்யுலே, பின்னுக்குப் போங்கோ.
ஏவலில் எழுவாய் விழுந்துவிடும்.
ஆள் இல்லை,
அடி மட்டும் பின்னால் நகர்கிறது.
எழுவாய் என்றால் எழும்பு என்றும் கேட்கிறது,
பள்ளிக்கூடத்தில் இது காதில் விழவில்லை.

மறுப்பதற்கு இரண்டு சொல்.
வினைக்கு முன்னால் ந, பின்னால் பா.
ந தூஷே பா. தொடாதேங்கோ.
பார்த்தவுடன் தெரிந்தது, இது எங்கள் கம்பு.
தலையில் சிவப்புப் பூசி
இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று.
நடுவில்
செய்யக்கூடாத காரியம்
வெடிக்காமல் கிடக்கிறது.

தமிழில் 'தொட' என்று வாய் தொடங்கிவிடும்,
'ஆதே' வந்து சேர்வதற்குள் கை போய்விடும்.
அதனால்தான் பன்னிரண்டு வருசமாய்
முதலில் விசில் ஊதுகிறேன்.

"இஞ்ச 'ந' ஒருத்தரும் சொல்லுறேல்ல அக்கா.
தூஷ் பா. அவ்வளவுதான்.
'ந' போட்டால் வெளியாள் எண்டு கண்டுபிடிச்சிடுவாங்கள்."

ஊர் முழுக்க முன்கம்பைப் பிடுங்கிவிட்டு
எப்படி நடமாடுகிறார்கள்?
நான் பிடுங்க மாட்டேன் தம்பி.
வெளியாளாய் நின்றுகொண்டே சொல்லுவேன்: ந.

நே பா பேர் என்றும் அனுப்பியிருந்தான்.
பயப்படாதே. சொல்லுக்குச் சொல் பார்த்தால்
பயத்தை வைத்திருக்காதே.
அதை மட்டும் கொப்பியில் வெட்டினேன்.
வைத்திருக்கட்டும்.
கவச அங்கிக்குள், வேர்வையோடு, அது இருக்கட்டும்.
பயமில்லாத சசிரூபா ஒரு மத்தியானம்
கம்பைத் தாண்டி
மயில் முட்டை பார்க்கப் போனாள்.

ஏவலில் 'நான்' இல்லை.
எந்த அட்டவணையிலும் தேடிவிட்டேன்,
எனக்கு நானே இடக்கூடிய கட்டளை
அந்த மொழியில் இல்லை.
'நாங்கள்' உண்டு. அதற்குள் ஒரு மூலையில்
நானும் நிற்கலாம்.
றெக்யுலோன். பின்னுக்குப் போவம்.

முகக் கண்ணாடிக்குள் சொல்லிப் பார்க்கிறேன்.
றெக்யுலோன்.
மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்குகிறது,
மண் மங்குகிறது,
கையைத் தூக்கிவிட்டுக் காத்திருக்கிறேன்.

அடுத்த ஓடையில் இருந்து குகராணி கத்துகிறாள்:
"என்னடி, ஏதும் அம்பிட்டதோ?"

ஒண்டுமில்லை.
நீ உன்ர இடத்தைப் பார்.