நீர் மாத்திரை

வடசேரி பஸ்டாண்டில் ஒன்பதே முக்காலுக்கு
தக்கலை வண்டி
புகையைக் கக்கிவிட்டுப் போனது.
ஆசாரிப்பள்ளத்திலிருந்து நாங்கள் நாலு பேர்,
வெள்ளைக் கோட்டைக் கழற்றிப் பைக்குள் திணித்திருந்தோம்.
"கோட்டைப் பார்த்தால் எழுந்து போய்விடுவார்கள்."
மேடம் சொன்னது அவ்வளவுதான்.
பிறகு டீக்கடைப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

பெயர்: செல்லத்தங்கம்.
வயது: "சுனாமி வந்தப்ப நாப்பத்தெட்டு. நீயே கூட்டிக்கோ."
முகவரி என்ற கட்டத்தில்
என் பேனா நின்றது.
"எழுது மக்கா, கொளச்சல் பஸ்சு நிக்க எடத்துக்குப் பொறத்தால,
ரெண்டாவது தூணு."
எழுதினேன். கட்டம் போதவில்லை.

காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன்.
குழி விழுந்தது.
பத்து எண்ணும்வரை அப்படியே கிடந்தது.
அஜின் பி.பி. பார்த்தான். சபீனா டார்ச் பிடித்தாள்.
பக்கத்தில் படுத்திருந்தவர் வெளிச்சத்துக்கு முகத்தைத் திருப்பி
ஒரு கெட்ட வார்த்தை சொன்னார், நியாயமாகத்தான்.

துணிக்கடைக் கவர் ஒன்றிலிருந்து
மாத்திரைகளை எடுத்து வைத்தாள்.
பிரஷர் மாத்திரை: தின்று தீர்ந்த பட்டைகளைக்கூட
ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தாள், கணக்குக் காட்ட.
நீர் மாத்திரை மட்டும்
ஒரு குமிழ்கூட உடையாமல்.

நான் எழுதினேன்:
மருந்தை ஒழுங்காக உட்கொள்வதில்லை.
எழுதி முடித்த பிறகுதான் கேட்டேன், ஏன் என்று.

"அதத் தின்னா எத்தன தடவ போணும், தெரியுமா?
ஒருக்கா போனா அஞ்சு ரூவா.
பத்து மணிக்கு அவன் பூட்டிட்டுப் போயிருவான்.
பொறவு அந்த மதிலுக்குப் பின்னாலதான்."
மதிலை எல்லோரும் பார்த்தோம்.
அங்கே மூன்று ஆட்டோக்கள்,
அவற்றில் கால் நீட்டிக் கிடந்த ஆண்கள்.
அதற்கு மேல் அவள் சொல்லவில்லை.
அஜின் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அந்த மருந்து சிறுநீரகத்தின் எந்த வளைவில் வேலை செய்கிறது என்று
தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.
ஆறு மணி நேரம் வேலை செய்யும், அதுவும் தெரியும்.
அந்த ஆறு மணி நேரம்
எங்கே போய் உட்காரும் என்பது
எந்தப் பக்கத்திலும் இல்லை.

மறுநாள் வகுப்பைக் கட் அடித்துவிட்டு நடந்தேன்.
ரயில்வே ஸ்டேஷன்: உள்ளே போக டிக்கெட்.
பெட்ரோல் பங்க்: சாவி மேனேஜரிடம், மேனேஜர் மார்த்தாண்டத்தில்.
கோட்டாற்றில் ஒரு கோயில்: கேட் ஐந்தரைக்கே திறக்கும்,
கக்கூஸ் ஞாயிறு மட்டும்.
மீன் சந்தைக்குப் பின்னால் ஒன்று,
காலை ஆறுக்குத் திறக்கிறது, பெண்களுக்குக் காசில்லை,
தாழ்ப்பாளும் இல்லை.

மேடம் என் நோட்டை வாங்கிப் பார்த்தார்.
காலை, மாலை என்றிருந்ததைக்
காலை ஆறு மணிக்கு என்று மட்டும் ஆக்கினார்.
தாழ்ப்பாளுக்கு அவர் எழுதிய மனு
இன்னும் ஏதோ மேஜையில் இருக்கிறது.
அஜின் நாற்பத்தைந்து ரூபாய்க்கு ஒன்று வாங்கி
ஸ்க்ரூ டிரைவரோடு போனான்.
வீக்கம் பாதி வடிந்தது. மீதி வடியவில்லை.
மழை நாளில் அவள் மாத்திரை தின்பதில்லை,
சந்தைவரை நடக்க வேண்டுமே.
என் கேஸ் ஷீட்டில் நான் வெட்டிய வரி
வெட்டுக்குக் கீழே இன்னும் வாசிக்கத் தெரிகிறது.

அந்த முதல் ராத்திரியில் இன்னொன்றும் நடந்தது.
நாங்கள் கிளம்பும்போது
என்னிடம் மட்டும் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:
"நீ போனியா மக்கா?
வந்ததுலருந்து காலை மாத்தி மாத்தி நிக்குதியே."

மதியம் ஹாஸ்டலில் போனது.
வெளியே கிளம்பினால் தண்ணீர் குடிக்காமலிருக்க
எட்டாம் வகுப்பிலேயே பழகியவள் நான்.
பையில் பாட்டில், மூடி திறக்காமல்.

மணி பத்தாக நாலு நிமிஷம்.
"ஓடு, ஓடு" என்று
முந்தானை முடிச்சை அவிழ்த்து
ஐந்து ரூபாய்க் காசை நீட்டினாள்.