எர்த்

எண்ணூர் நெடுஞ்சாலையில்
கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே
என் ஹெட்லைட்
ஆறின டீ நிறத்தில் எரிந்தது.
முறுக்கினால் கொஞ்சம் விழிக்கும்,
சிக்னலில் நின்றால் மறுபடி கண் சொருகும்.

பேட்டரி புதுசு. பல்பு போன வாரம்தான்.
ஸ்டேட்டர் போயிருக்கும், நாலாயிரம் ஆகும்
என்றார்கள் ஜி.பி. ரோட்டில்.

தண்டையார்பேட்டை ஜெசிந்தா
வண்டியை உறுமவிட்டு மீட்டர் வைத்தாள்.
பேட்டரியில் பதினாலு வோல்ட்.
பல்பு வாயில் ஒன்பதே முக்கால்.
"வண்டி ஒழுங்காத்தான் சம்பாதிக்குது.
வழியில எவனோ திங்கிறான்."

டேங்கைக் கழற்றினால்
சேசிஸில் ஒரு போல்ட்,
அதனடியில் நசுங்கிய கறுப்பு வயர்,
பச்சையாய்ப் பூத்திருந்தது
காசிமேட்டுக் காற்றின் உப்பு.
உப்புத்தாளால் தேய்த்தாள்.
அறுபது ரூபாய்.

மூன்று மாதமாய்
தினமும் விழுந்த பள்ளத்தை
அன்றிரவுதான் பார்த்தேன்,
ஓரத்தில் யாரோ நட்ட வேப்பங்கொப்போடு.
பார்த்துக்கொண்டே விழுந்தேன்.