பாதிக் கட்டம்

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்:
ஃபிரிட்ஜ் கேட்டுத்தான் நான் தொடங்கினேன்.

பெலேம் வெயிலில்
விற்காத மீன் சாயங்காலத்துக்குள் நாறிவிடும்.
சந்தையில் பக்கத்துத் தட்டுக்காரி ஹருயே
கட்டம் போட்ட தாள் ஒன்றைத் தந்தாள்.
இருபது நிமிடம் சொன்னால் ஒரு கட்டத்துக்கு வண்ணம்.
எதை வேண்டுமானாலும் கேள்,
வெட்கப்படாதே என்றாள்.

நம் மியோஹோ ரெங்கே கியோ.
என் போர்த்துகீசிய நாக்கில் முதல் வாரம்
கெளுத்தி முள்ளாய்க் குறுக்கே நின்றது.
விடியற்காலை மூன்றரைக்கு
சுவரில் மாட்டிய சின்னப் பெட்டியின் முன்
எலுமிச்சை தேய்த்தும் போகாத கவிச்சியோடு சொன்னேன்.
மீன் அறுக்கிற கையா கூப்புகிறது என்று
யாராவது கேட்டுவிடுவார்களோ எனப் பயந்து பயந்து சொன்னேன்.
யாரும் கேட்கவில்லை.

ஐந்து தாள்.
முதலில் பச்சை, பிறகு
மகன் ஜெனில்சனின் சிவப்புப் பென்சில் தீரும்வரை சிவப்பு.

ஆகஸ்டில் ஃபிரிட்ஜ் வந்தது.
அற்புதம் ஒன்றுமில்லை, பன்னிரண்டு தவணை.
ஹருயே கைதட்டினாள்.
ஆறாவது தாளை அதன் கதவிலேயே
காந்தம் வைத்து ஒட்டினேன்.
செப்டம்பர் முழுக்க வெள்ளை.
அக்டோபரிலும்.

கேட்டது கிடைத்தபின்
வாயை எதற்குத் திறப்பது?
ஹருயேவிடம் தொண்டை வலி என்றேன்.
சொல்லிவிட்டு, சந்தையின் மறுகோடி வரை
விலை கூவினேன்.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
செதில் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

நேற்று விடியுமுன் விழிப்பு வந்தது, பழக்கதோஷம்.
காப்பிக்குத் தண்ணீர் வைத்தேன்.
மழை இல்லை. தெருநாய்கூட ஓய்ந்திருந்தது.
இருட்டில் ஃபிரிட்ஜ் மட்டும்
ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தது.
இத்தனை நாளும் இப்படியா முனகிற்று?

கேட்க ஒன்றும் இல்லாமல்
பெட்டியின் முன் உட்கார்வது
காசில்லாமல் கடைக்குள் நுழைவது மாதிரி
கூச்சமாக இருந்தது.
'நம்' மட்டும் வந்தது.
முனகலின் மட்டத்துக்குக் குரலை இறக்கி
கொஞ்ச நேரம் அதிலேயே நின்றேன்.
மீதி பின்னால் வந்தது,
நொண்டிக்கொண்டு.

நடுவில் மின்சாரம் போயிற்று.
ஃபிரிட்ஜ் ஒருமுறை உடம்பை உதறி அடங்கியது.
உள்ளே இரண்டு கிலோ தம்பாக்கி மீன்.
எழுந்து ஐஸ் வாங்க ஓடியிருக்க வேண்டும்.
ஓடவில்லை.
அது விட்ட சுருதியை நான் பிடித்துக்கொண்டேன்,
வண்டிக்காரன் கிளெபெர் வாசலில் ஹாரன் அடிக்கும்வரை.

இருபது நிமிடம் ஆகியிருக்காது.
ஜெனில்சனின் நீலப் பென்சிலை எடுத்து
ஒரு கட்டத்தில் பாதியைத் தீட்டினேன்.
கோடு கொஞ்சம் வெளியே போய்விட்டது.

தம்பாக்கி கெட்டுப்போகவில்லை.
அதை நான்
எந்தக் கணக்கிலும் சேர்க்கவில்லை.