நூற்றுமுப்பது

சாந்தா குரூஸில் ஓட்மார் ஒரே உதையில் கிளப்பினான்,
படுத்திருந்த தெருநாய் எழுந்து ஓடியது.
"சத்தமே சாட்சி, நியேவெஸ்."
அறுத்த சைலன்சர், திறந்த ஃபில்டர்,
யாரோ வெட்டித் தைத்த சீட்.
பேரம் பேசாமல் வாங்கினேன். தப்புதான்.

எல் ஆல்ட்டோ ஏறியதும் இருமல்.
நாலாயிரம் மீட்டரில்
பெட்ரோலாகக் குடித்தது, இழுக்கவில்லை.
பிளக்கைக் கழற்றினால் அடுப்புக்கரி.
ஃபோனில் அவனைத் திட்டாத திட்டில்லை.

வண்டி அதேதான்.
காற்றுதான் வேறு.

நூற்றுமுப்பது ஜெட்டைக் கழற்றி நூற்றிருபத்தைந்து,
நூற்றிருபது,
விரல் விறைத்து ஒன்று சாக்கடையில் விழுந்து
மறுபடி கடைக்குப் போய்
நூற்றுப்பதினைந்து.
பிளக் நுனியில் பிஸ்கட் நிறம்.

ஓட்மாருக்கு ஒரு மன்னிப்பு பாக்கி.
பழைய ஜெட் தீப்பெட்டியில் இருக்கிறது.
கீழே இறங்கினால்
இந்தச் சின்னது பட்டினி போட்டுவிடும்.